காவல் இருந்த இரவுக்கு என்ன கணக்கு?

கடந்த சித்திரையில் நாங்கள் நெடுந்தீவில் இருந்து கொக்குவிலுக்கு வீடு மாறினோம். அம்மம்மாவுக்கு மாதம் ஒருக்கா யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கிளினிக். கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாளில் கிளினிக்கும் இல்லை. ஓடின நாளிலும் டொக்டரைப் பார்த்து, வரிசையில் நின்று மருந்து எடுத்து, பஸ் ஏறிக் குறிகட்டுவானுக்கு வந்து சேர்வதற்குள் கடைசிப் படகு போயிருக்கும். பிறகு ஆருடையவாவது வீட்டில் ஓர் இரவு தங்கவேண்டும். எங்களில் ஒருவருக்குக் கம்பஸ், மற்றவருக்கு உயர்தரம். அம்மா, அம்மம்மா, நாங்கள் இரண்டு பேர் என்று எல்லாரும் ஒரு வாடகை வீட்டில் இருப்பதுதான் வழி என்று கடைசியில் முடிவானது.

முடிவான அன்று ரொறன்ரோவில் இருக்கிற மாமா போனில் சொன்னார்: "மூவர்ஸைப் பிடியுங்கோ பிள்ளையள். அவையே வந்து பெட்டி கட்டி, ஏத்தி இறக்கி, கட்டிலையும் பூட்டித் தந்திட்டுப் போவினம். காசை நான் அனுப்புறன்."

மாமா பிறந்து வளர்ந்ததும் நெடுந்தீவுதான். போய் இருபத்தைந்து வருடத்தில் இடையில் கடல் கிடப்பது மறந்துவிட்டது போல.

சொல்லுக்கேட்டு நாங்களும் யாழ்ப்பாணத்தில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குகிற ஒரு லொறிக்காரருக்கு அழைத்தோம்.

"எங்க இருந்து எங்க?"

"நெடுந்தீவில இருந்து கொக்குவிலுக்கு அண்ணை."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"குறிகட்டுவானுக்குச் சாமானைக் கொண்டு வந்து வையுங்கோ. அங்கால நாங்கள் பாக்கிறம்."

அந்த அங்காலுக்கு இங்கால்தான் எங்கட பிரச்சினை முழுக்க இருந்தது.

கொக்குவிலில் இருந்து திருநெல்வேலிக்கு வீடு மாறுகிற ஒருவர் தன்ர அலுமாரியை இரண்டு தரம் தூக்குவித்தால் போதும். வீட்டில் இருந்து லொறிக்கு, லொறியில் இருந்து வீட்டுக்கு. எங்கட அலுமாரியை ஆறு தரம் தூக்கவேண்டும். வீட்டில் இருந்து லான்ட்மாஸ்டர் பெட்டிக்கு. அதில் இருந்து மாவிலித்துறைக்கு. துறையில் இருந்து வள்ளத்துக்கு. வள்ளத்தில் இருந்து குறிகட்டுவான் துறைக்கு. அங்கே இருந்து லொறிக்கு. லொறியில் இருந்து கொக்குவில் வீட்டுக்குள்.

இதில் மூன்றாவதும் நாலாவதும் மற்றவை மாதிரி இல்லை. துறை அசையாது, வள்ளம் அசையும். தண்ணி வத்தி இருக்கிற நேரம் வள்ளம் துறையை விடக் கீழே கிடக்கும். போட்ட பலகை சரிவாக நிற்கும். முன்னுக்குப் பிடிக்கிறவர் பின்பக்கமாகக் கால் வைத்து இறங்கவேண்டும். வள்ளம் அலையோடு மேலே எழும்புகிற அந்த நொடியைப் பார்த்து ஒருவர் "இப்ப!" என்று சொல்லவேண்டும். ஒரு நொடி முந்தினால் கால் நெரியும். பிந்தினால் அலுமாரி கடலுக்குள். இதைப் பழகாத ஆளை எவ்வளவு காசு கொடுத்தும் யாழ்ப்பாணத்தில் இருந்து கூட்டிவர ஏலாது.

கொழும்பு புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர்களை நாட்டாமை என்பார்கள். எங்கட துறையில் இந்த வேலைக்குத் தனிப் பெயர் கிடையாது. தொழிலுக்குப் போகாத நாட்களில் துறைக்கு வந்து நிற்கிற ஆக்கள், அவ்வளவுதான். தீவுக்கு வருகிற அரிசி, சீமெந்து, காஸ் சிலிண்டர், கல்யாண வீட்டுக் கதிரை எல்லாம் அவர்களுடைய தோளில்தான் ஏறி இறங்கும். எங்களுக்கு நாலு பேர் கிடைத்தார்கள். மூத்தவரை ஊரே பெரியண்ணை என்று கூப்பிடும். நாங்களும் அப்படித்தான். கடைசி ஆள் எங்களில் ஒருவரோடு ஓ.எல் வரைக்கும் ஒரே வாங்கில் இருந்து படித்தவன்.

அடுத்தது நாள் பார்க்கிற வேலை. பஞ்சாங்கத்தில் இல்லை, கடலில். மார்கழி, தையில் வாடைக்காற்று. வைகாசி தொடங்கிச் சோளகம். மாசி, பங்குனியில் கச்சதீவு அந்தோனியார் திருவிழா வந்தால் குறிகட்டுவானில் இருந்து படகுகள் அங்கே ஓடும். ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா, குறிகட்டுவானில் கால் வைக்க இடம் இராது. சனி, ஞாயிறு என்றால் குதிரையும் கோட்டையும் பெருக்கு மரமும் பார்க்க வருகிற சனம். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் வருடத்தில் சில கிழமைகள்தான் மிஞ்சும். எங்களுக்குப் புதுவருடம் முடிந்து வந்த ஒரு செவ்வாய்க்கிழமை கிடைத்தது.

"செவ்வாயில ஆரும் வீடு மாறுவினமே?" என்று அம்மம்மா குழப்பினார்.

"ஆச்சி, கடலுக்குச் செவ்வாய், புதன் தெரியாது. புதன்கிழமை காத்து மாறினா நீங்கள் இன்னொரு மாசம் இஞ்சதான் இருப்பியள்" என்றார் பெரியண்ணை. அம்மம்மாவுக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டிருக்கும். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

சாமான் கட்டத் தொடங்கினபோது ஆறு தரம் என்ற அந்தக் கணக்கு எல்லாவற்றுக்கும் அளவுகோல் ஆகிவிட்டது. எதைக் கையில் எடுத்தாலும் "இது ஆறு தரம் தூக்கப் பெறுமதியோ?" என்று ஒருவரை ஒருவர் கேட்டோம். புத்தகங்களையும் உடுப்புகளையும் உரப்பையில் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக முந்தியே ஆக்கள் போகிற படகில் கொண்டுபோய்விட்டோம். அம்மி, ஆட்டுக்கல், உரல் எல்லாம் அங்கேயே நிற்கட்டும் என்று விட்டோம். அம்மம்மாவின் தாயாருடைய பெட்டகம் ஒன்று இருந்தது. பெரியண்ணை அதைச் சுற்றி வந்து ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏத்தலாம் ஆச்சி. ஆனா இது வள்ளத்தில ஒரு பக்கம் இருந்தா மற்றப் பக்கம் ஆறு பேர் இருக்கவேணும்."

"அது கிடக்கட்டும்" என்றார் அம்மம்மா. "வீட்டுக்க ஏதாவது கிடந்தாத்தானே அது வீடு."

அம்மா வேறு விதமாகக் கட்டினார். முதலில் ஒரு கைப்பை. அதற்குள் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, எங்கட பரீட்சைச் சான்றிதழ்கள், அம்மம்மாவின் கிளினிக் கொப்பி. அதை ஒருவரிடமும் கொடுக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தவர் அம்மா. அந்த இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது அவரும் ஒரு பையோடு நடந்தவர். பை கட்டுவது எப்படி என்று அன்றைக்குப் பழகியது இன்னும் அவரை விடவில்லை. அது இடம்பெயர்வு. எங்களை இப்போது ஒருவரும் கலைக்கவில்லை. நாங்களாக நாள் பார்த்து, கூலி பேசி, போகிறோம். ஆனாலும் அந்தப் பையைப் பார்க்க இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

கூலியை அம்மாதான் பேசினார். மாமாவுக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்பதால் எல்லாவற்றையும் ஒரு சீ.ஆர் கொப்பியில் எழுதினோம். நாலு பேருக்கும் ஆளுக்கு 4,000 ரூபாய், ஒரு நாள் வேலை, 16,000. லான்ட்மாஸ்டர் மூன்று தரம் ஓட 7,500. வள்ளம் 30,000. குறிகட்டுவானில் இருந்து கொக்குவிலுக்கு லொறி 18,000. சாப்பாடு எங்கட பொறுப்பு. எல்லாம் கச்சிதமாகப் பேசியிருக்கிறோம் என்று நினைத்தோம்.

அம்மாவும் அம்மம்மாவும் திங்கட்கிழமையே கொக்குவிலுக்குப் போய்விட்டார்கள். செவ்வாய் விடிய ஐந்து மணிக்கு நாலு பேரும் படலையடியில் நின்றார்கள். கல்வேலிக்கு நடுவில் லான்ட்மாஸ்டர் திரும்ப இடம் காணாமல் இரண்டு இடத்தில் கல்லை எடுத்து, பிறகு திருப்பி அடுக்கினார்கள். ஒன்பது மணிக்குள் சாமான் எல்லாம் மாவிலித்துறையில். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வைத்து வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் நினைவாலயம் அங்கேதான் இருக்கிறது. தீவில் இருந்து போகிற எதுவும் அதைக் கடந்துதான் போகவேண்டும். எங்கட கட்டில் சட்டங்களையும் மெத்தையையும் அந்தப் பக்கம் சாய்க்கப் போனபோது பெரியண்ணை தடுத்தார். "அதில வேண்டாம். தள்ளி வையுங்கோ."

பத்து மணிக்கு வரவேண்டிய வள்ளம் இஞ்சின் சரியில்லை என்று ஒன்றரைக்குத்தான் வந்தது. தண்ணியும் வத்தத் தொடங்கிவிட்டது. பலகை சரிந்து நின்றது. "இப்ப!", "பொறு!", "இப்ப!" என்ற பெரியண்ணையின் குரலுக்கு அலுமாரி, பிறிஜ், தையல் மெசின், கதிரைகள் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கின. ஒரு கோப்பைகூட உடையவில்லை. வள்ளம் வெளிக்கிட மூன்று மணி தாண்டிவிட்டது. பாரத்தோடு மெல்லத்தான் போனது. ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் குறிகட்டுவானில் கட்டினோம்.

அங்கே லொறி இல்லை.

போனைப் பார்த்தால் நாலு தவறிய அழைப்புகள். நாங்கள் கடலில் சிக்னல் இல்லாமல் நின்ற நேரத்தில் அழைத்திருக்கிறார்கள். இரண்டு மணிக்கு வந்து, நாலு மணி வரைக்கும் பார்த்துவிட்டு, வேறு ஹயர் இருக்கிறது என்று போய்விட்டார்கள். "நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு வாறம். வெயிட்டிங் சார்ஜ் வரும்" என்றார் லொறிக்காரர். சரி என்றோம். வேறென்ன சொல்வது?

வள்ளம் இருட்ட முதல் தீவுக்குத் திரும்பவேண்டும். நாலு பேரும் அதில் ஏறிப் போவதாகத்தான் பேச்சு. சாமான் இறக்கி முடிந்தபிறகு பெரியண்ணை எங்களையும் பார்த்தார், குவிந்து கிடந்த சாமானையும் பார்த்தார். வள்ளக்காரரிடம் போய் ஏதோ சொன்னார். வள்ளம் அவர்களை விட்டுவிட்டுப் போனது.

"பிள்ளையளை இதில விட்டிட்டு எப்பிடிப் போறது?" என்றார். எங்களிடம் கேட்கவும் இல்லை, கூலி பேசவும் இல்லை. மற்ற மூன்று பேரையும் கேட்டாரா என்றும் எங்களுக்குத் தெரியாது.

பக்கத்துக் கடையில் பாணும் சம்பலும் வாங்கிச் சாப்பிட்டோம். கடை பூட்டின பிறகு துறையில் எங்களையும் நாய்களையும் தவிர ஒருவரும் இல்லை. மெத்தையை விரித்து "வாங்கோ அண்ணை, நீங்களும் படுங்கோ" என்றோம். "புது வீட்டுக்குப் போற மெத்தை தம்பி. எங்களில மீன் மணக்கும்" என்று சிரித்துவிட்டு உரப்பைகளைச் சீமெந்தில் விரித்துப் படுத்தார்கள். நாங்கள் இன்னொரு தரம் கேட்கவில்லை. மெத்தையில் படுத்தோம்.

எங்கட வகுப்புக்காரன் கனநேரம் படுக்காமல் இருந்து கதைத்தான். இந்த வருடத்தில் இது மூன்றாவது வீடாம். "வீடு மாறுற நாளில எங்களுக்கு நல்ல காசுதான் மச்சான். ஆனா அதுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு அரிசி வராது, காஸ் வராது, சீமெந்து வராது. ஒரு நாள் கூலியைத் தந்திட்டு வருசக் கூலியைக் கொண்டு போறியள்." பகிடியாகத்தான் சொன்னான். நாங்களும் சிரித்தோம்.

விடிய எழும்பினால் மெத்தைக்கு மேல் படங்கு. இரவு இரண்டு மணியளவில் மழை தூறியிருக்கிறது. எங்களை எழுப்பாமல் முதலில் எங்களுக்கு மேலும், பிறகு பிறிஜுக்கும் அலுமாரிக்கும் மேலும் படங்கை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய உரப்பைகள் நனைந்து சுருண்டு ஒரு பக்கம் கிடந்தன.

எட்டு மணிக்கு லொறி வந்தது. லொறிக்காரர் பில் புத்தகத்தை எடுத்து எழுதினார். லொறிக் கூலி 18,000. காத்திருப்பு 3,500. கீழே கோடு போட்டு 21,500. ஒரு வார்த்தை பேசாமல் எண்ணிக் கொடுத்தோம். பிறகு பெரியண்ணையின் கையில் 16,000 ரூபாயைக் கொடுத்தோம். அவர் எண்ணவும் இல்லை, சட்டைப் பையில் வைத்தார். "அம்மம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்கோ." நாங்கள் லொறியில் ஏறினோம். அவர்கள் அடுத்த படகுக்குக் காத்து நின்றார்கள்.

வாணர் தாம்போதியைக் கடக்கும்போது எங்களுக்கு ஒரே ஆறுதல். எங்கட ஊர் ஆக்கள் மாதிரி ஆர் இருக்கினம் என்று அம்மாவுக்குப் போனில் சொல்லிக்கொண்டு வந்தோம்.

அந்த ஆறுதல் நாலு நாள் நின்றது. ஞாயிற்றுக்கிழமை கொப்பியைப் படம் எடுத்து மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். மொத்தம் 75,000, சாப்பாடு நீங்கலாக. மாமா உடனே அழைத்தார். குறை பிடிக்க இல்லை, விளங்காமல் கேட்டார்.

"காத்திருப்பு 3,500 எண்டு போட்டிருக்கு. அது ஆருக்கு?"

"லொறிக்கு மாமா. ரெண்டு மணித்தியாலம் நிண்டவை."

"அப்ப ராத்திரி முழுக்கச் சாமானோட ஆர் நிண்டது?"

"பெரியண்ணையாக்கள்."

"அவைக்கு எங்க போட்டிருக்கிறியள்?"

"அவை எங்கட ஆக்கள்தானே மாமா."

சொன்ன பிறகுதான் அந்த வசனம் எங்கட காதிலேயே விழுந்தது. இரண்டு மணித்தியாலம் நிழலில் நின்ற லொறிக்கு 3,500. பதினைந்து மணித்தியாலம் மழையிலும் நின்ற நாலு பேருக்கு ஒன்றும் இல்லை. லொறிக்காரர் எங்களை ஏமாற்றவில்லை. அவர் தன்ர நேரத்துக்கு விலை கேட்டார், அது நியாயம். அவரிடம் பில் புத்தகம் இருந்தது. பெரியண்ணையிடம் இருந்தது எங்களோடு ஒரு உறவுமுறை. அந்த உறவைப் பாவித்து நாங்கள் ஓர் இரவை இலவசமாக எடுத்துக்கொண்டோம். அதற்கு அன்பு என்று பெயரும் வைத்தோம்.

வீட்டில் இது பெரிய வாக்குவாதம் ஆனது. "காசை நீட்டினா அவை மனம் நோவினம். நாளைக்கு என்ர செத்தவீட்டுக்கும் ஆர் வாறது?" என்றார் அம்மம்மா. அவர் சொன்னதில் பிழை இல்லை. தீவில் ஒருவர் இன்னொருவருக்குச் செய்வதற்கு எழுதாத கணக்கு ஒன்று இருக்கிறது. இன்று நீ என் கூரைக்கு ஓலை ஏற்று, நாளைக்கு நான் உன் பிள்ளையின் கல்யாணத்துக்குச் சமைக்கிறேன். அம்மம்மா அந்தக் கணக்கில் வாழ்நாள் முழுக்கக் கொடுத்தவர். ஆனால் அந்தக் கணக்கு இரண்டு பக்கமும் அங்கேயே இருந்தால்தான் சரிவரும். நாங்கள் வெளிக்கிட்டுவிட்டோம். எங்கட பங்கை இனி எங்கே, எப்போது திருப்பிக் கொடுக்கப் போகிறோம்? உறவில் பெற்றதைக் கொடுக்க வழி இல்லாத இடத்துக்குப் போகிற ஆள் அதைக் காசிலாவது கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்று எங்களுக்குப் பட்டது.

கடைசியில் வகுப்புக்காரனுக்கே அழைத்துக் கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டு நேராகச் சொன்னான்: "பெரியண்ணை வாங்கமாட்டார். எனக்கு வேணும் மச்சான்."

பிறகுதான் மிச்சத்தைச் சொன்னான். புதன்கிழமை விடிய மாவிலித்துறைக்கு ஒரு வள்ளம் சீமெந்து வந்திருக்கிறது. நாலு பேரும் குறிகட்டுவானில் நின்றபடியால் அந்த வேலை வேறு ஆக்களுக்குப் போய்விட்டது. அந்த இரவில் அவர்கள் விட்டது நித்திரை மட்டும் இல்லை.

மாமாவிடம் கேட்கவில்லை. தெரியாமல் விட்டது நாங்கள், நாங்கள்தான் கொடுக்கவேண்டும். மஹாபொலக் காசில் கொஞ்சம், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக்கொடுத்ததில் கொஞ்சம் என்று இரண்டு மாதம் எடுத்தது. ஆளுக்கு ஒரு நாள் கூலி, 4,000. மூன்று பேர் வாங்கினார்கள், ஒருவரும் மனம் நோகவில்லை. பெரியண்ணை, அவன் சொன்னபடியே, வாங்கவில்லை. "வளவுப் பனையில ஓலை வெட்டுறன் எண்டு ஆச்சிட்டச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அம்மம்மாவுக்கு அதைக் கேட்க முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய கணக்கு இன்னும் மூடப்படவில்லை.

தீவுகளில் இருந்து வீடு மாறப் போகிற ஆராவது இதை வாசித்தால் எங்களிடம் சொல்ல நாலைந்து விசயம் இருக்கிறது. வள்ளம் பிந்தும் என்று வைத்துக்கொண்டே லொறியைப் பேசுங்கோ. லொறிக்காரரிடம் காத்திருப்புக்கு எவ்வளவு என்று முதலே கேளுங்கோ. அதே கேள்வியைத் தூக்குகிற ஆக்களிடமும் கேளுங்கோ. அவர்களாக வாய் திறக்கமாட்டார்கள். இரவு நிற்கவேண்டி வந்தால் என்ன, திரும்பிப் போகிற படகு தவறினால் என்ன, கை கால் நெரிந்தால் மருந்துச் செலவு ஆருடையது, எல்லாவற்றையும் பேசி எழுதுங்கோ. எழுதினால் உறவு முறிந்துவிடாது. எங்களுக்கு முறியவில்லை.

போன கிழமை வகுப்புக்காரன் திரும்ப அழைத்தான். எங்கட ஒழுங்கையில் இன்னொரு வீடு வெளிக்கிடுகிறதாம். "உங்கட கொப்பியில அந்தக் கணக்கு எழுதின பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. அவையிட்டக் காட்டவேணும்" என்றான்.

அனுப்ப முதல் கொப்பியை எடுத்துப் பார்த்தோம். 75,000க்குக் கீழே இடம் இருந்தது. "இராக்காவல், ஆளுக்கு 4,000" என்று எழுதிவிட்டுப் படம் எடுத்தோம்.